சாம்பல் கேட்ட அகராதி

என்னுடைய டப்புக்குள் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை குடியிருக்கிறாள். டப் என்பது போனைவிடப் பெரிய, சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய ஒரு கண்ணாடிப் பலகை. அதற்குள் ஓர் அகராதி இருக்கிறது. தமிழில் ஒரு சொல்லை விரலால் குத்தினால் அதற்குரிய இங்கிலீசுச் சொல் வந்து நிற்கும். பக்கத்திலே ஒலிபெருக்கிக் குழாய் மாதிரி ஒரு சின்னப் படம். அதை அமத்தினால் இந்தப் பெட்டை அந்தச் சொல்லை வாசித்துக் காட்டுவாள். நூறு தரம் அமத்தினாலும் குரல் உயராது, முகம் சுளிக்காது. முகமே கிடையாது. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு பொறுமைசாலி இதுவரைக்கும் பிறக்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விடுவித்தது அப்பா இல்லை, வெங்காயம். கோப்பாய்ச் செம்மண்ணில் வெங்காயம் பிடுங்குகிற பருவம் வந்தால் வகுப்பில் நாங்கள் இருக்கிற வாங்குகள் வெறுமையாகிவிடும். பருவம் முடிந்து மற்றப் பிள்ளைகள் திரும்பிப் போனார்கள், நான் போகவில்லை. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். இங்கிலீசில், பஸ்ஸின் இலக்கத் தகட்டிலே கிடக்கிற எழுத்துகளை முகம் பார்த்து அறிவேன். அவை ஒன்றோடொன்று சேர்ந்து என்ன பேசிக்கொள்கின்றன என்பது அவற்றின் குடும்ப விஷயம், நான் தலையிட்டதில்லை.

அகராதியைப் போட்டுத் தந்தவன் என் மூத்த மகன். லண்டனில் இருந்தான். லண்டன் என்று நாங்கள் சொல்வதுதான். அவன் இருந்தது அங்கேயிருந்து ரயிலேறிப் போகிற ஒரு கடற்கரைப் பட்டினம். அங்கேயே ஒரு வெள்ளைக்காரியைக் கலியாணம் முடித்து, ஒரு நல்லூர்த் திருவிழா நேரம் கூட்டிக்கொண்டு வந்தான். நெடிய பெண். வந்த அன்றே எங்கள் வாசல் நிலையில் தலையை அடித்துக்கொண்டாள்.

“வீட்டுக்கு வணக்கம் சொல்லுறாள்” என்றேன் மச்சாளிடம்.

மச்சாள் என்பது என் புருசனுடைய தங்கை. பக்கத்து வளவில் இருக்கிறாள். எங்கள் ஒழுங்கையில் இங்கிலீசு தெரிந்தவர்கள் எல்லாரும் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியது, தனக்கு இங்கிலீசு தெரியும் என்று சொல்கிற என் மச்சாள் ஒருத்திதான். “அவள் பேசுறது முழுக்க எனக்கு விளங்குது மச்சாள், திருப்பிச் சொல்லத்தான் வாய் வருகுதில்லை” என்பாள். மாட்டுக்கும் அப்படித்தான் என்றேன்.

முதலில் பெரியவன் முழு வசனத்தையும் மாற்றித் தருகிற ஒரு சங்கதியைத்தான் போட்டுத் தந்தான். நான் அதிலே, “பிள்ளை, புட்டு அவிச்சனான், ஆறமுன்னம் வந்து தின்” என்று குத்தினேன். அது என்ன சொல்லிற்றோ தெரியாது, மருமகள் பதறி எழும்பி இரண்டு கையையும் கூப்பி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பெரியவன் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தான்.

“எணை அம்மா, உதுக்கு எங்கடை பேச்சு விளங்காதணை. அகராதி போட்டுத் தாறன். சொல்லுச் சொல்லாக் கதையுங்கோ. நான் குளிக்கப் போற நேரமெண்டாலும் நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கோணும்.”

அவளுடைய போனிலும் ஒன்று போட்டுக் கொடுத்தான். அது மறுபக்கம்: அவள் இங்கிலீசில் குத்தினால் தமிழ் வரும். வாசிப்பவர் ஒரு ஆம்பிளை. வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி, தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தவர் போல ஒரு குரல். அவரும் என்னுடைய பெட்டையும் சேர்ந்துதான் அந்த லீவு முழுக்க எங்களுக்காகக் கதைத்தார்கள். அவர் “உப்பு” என்பார், நான் உப்புப் பேணியை எடுத்துக் கொடுப்பேன். பெட்டை “ஹொட்” என்பாள், மருமகள் தாச்சியிலிருந்து கையை எடுப்பாள். அகராதிக்குச் சொதி தெரியவில்லை, ஒடியற்கூழ் தெரியவில்லை. தெரியாததை வாயில் ஊற்றிக் காட்டினேன். ஒருநாள் நான் மருமகளுக்குத் தமிழில் ஒரு வசனம் பாடமாக்கிக் கொடுத்தேன். அவள் போய் மச்சாளுக்கு முன்னால் கும்பிட்டு நின்று, “உங்கடை மீசை நல்ல வடிவு” என்றாள். மச்சாள் நல்லூர்க் கொடி இறங்கும்வரைக்கும் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நல்லூர்த் திருவிழா போய், ஒரு மாசிமாதக் காலை. நான் கிணற்றடியில் நின்றேன். போன் அடித்தது. வீடியோவில் மருமகள். பின்னால் ஜன்னல் இருட்டாயிருந்தது. தலை வாராமல், முகம் ஊதிப்போய் இருந்தாள். தன்னுடைய போனை எடுத்துக் குத்தி, கணினியின் முன்னால் பிடித்தாள். செய்தி வாசிக்கிறவர் பேசினார்.

“கணவன்.”

நான் தலையாட்டினேன். என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையோ என்று நினைத்தேன்.

“இதயம்.”

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அன்பு, இதயம் என்று வெள்ளைக்காரர் கார்டில் போடுவார்களே, அதுவாக்கும் என்று சிரிக்கவும் பார்த்தேன்.

“இற.”

அகராதியில் அந்தச் சொல் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த ஆள் சொன்ன விதம், யாரோ நிமிர்ந்து நின்று எனக்குக் கட்டளை போடுகிற மாதிரி இருந்தது. என் பிள்ளை செத்த செய்தியை எனக்கு உறவு சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, ஒரு மிசின் செருமாமல் சொல்லிற்று. நான் போனை வாளிக்குள் போட்டுவிட்டேன். வாளியில் தண்ணீர் இல்லாததால் போன் பிழைத்தது.

அங்கே ஆள் செத்த உடனே எரிக்கமாட்டார்கள். முறை வரும்வரைக்கும் ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். இங்கே எட்டாம் நாள் வந்துவிட்டது. சமைத்து, வாழையிலையில் அவனுக்குப் படைக்கவேண்டும். என் சின்ன மகன், பெரியவனுக்குப் பின்னால் பிறந்தவன், தோட்டக்காரன், அடுப்படி வாசலில் நின்று கேட்டான்.

“எணை, அண்ணையை இன்னும் எரிக்கேல்லை. இப்ப படைக்கலாமோ?”

“படையடா. குளிருக்குள்ளை கிடக்கிறவனுக்குச் சூடாச் சாப்பாடு குடுக்கிறதிலை என்ன பிழை?” என்றேன்.

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன்.

எரித்த அன்று போனைச் சுவாமி அறைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். சனம் எல்லாம் கறுப்பு உடுப்பில் வாங்குகளில் இருந்து ஒரு பாட்டுப் படித்தார்கள். பெட்டி தானாக நகர்ந்து ஒரு சீலைக்குப் பின்னால் போயிற்று. மச்சாள் நெஞ்சில் அடித்து ஒப்பாரி எடுத்தாள். அங்கே ஒருவரும் அழவில்லை. மருமகள் மட்டும் முன் வாங்கில், முதுகு நேராக, நெடிய தென்னை மாதிரி இருந்தாள். சீலை மூடினதும் எல்லாரும் எழும்பிக் கைகுலுக்கினார்கள்.

இனிச் சாம்பல்.

எங்கள் வழக்கத்திலே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கீரிமலைக்குப் போய்க் கிரியை செய்து சாம்பலைக் கடலில் கரைக்கவேண்டும். அதோடுதான் செத்தவன் இந்தப் பக்கத்தை விட்டுப் போவான். என் புருசனுக்கு அது கிடைக்கவில்லை. அவர் செத்தது கீரிமலைப் பக்கம் ஆமி ஒருவரையும் போகவிடாத யுத்தகாலத்தில். ஒரு துண்டுச் சீலையில் முடிந்து கொண்டுபோய், நீரேரிக் கரையில் முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் கரைத்தோம். கரைக்கவில்லை, கலக்கினோம் என்றுதான் சொல்லவேண்டும். அந்தச் சேற்றை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. பிள்ளையாவது நல்ல கடலில் போகட்டும் என்று இருந்தேன். எனக்கு வேறு ஒரு ஆசையும் அப்போது இல்லை.

“வெள்ளைக்காரியள் அதைச் சாடிக்குள்ளை போட்டு அலுமாரியிலை வைப்பினமாம், மச்சாள்” என்றாள் மச்சாள்.

“வாயை மூடு.”

“நான் சொல்லேல்லை. சனம் சொல்லுது.”

செத்த நாளிலிருந்து மருமகள் ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீடியோவில் வந்தாள். போன் அடிக்கும், எடுப்பேன். “வா பிள்ளை” என்று சொல்லமாட்டேன். அவள் அழுவாள், நான் அழுவேன். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிடுவேன். செத்தவீட்டில் வருகிறவரை வாருங்கள் என்று சொல்வதில்லை. போகிறவர் போட்டு வாறன் என்று சொல்வதில்லை. எழும்பினார்கள் என்றால் திரும்பிப் பாராமல் படலையைத் தாண்டிவிடுவார்கள். என் வீடு செத்தவீடு, அவளுடையதும் செத்தவீடு, நடுவில் இருக்கிற போனும் செத்தவீடுதான். நான் முறைப்படி நடந்துகொண்டிருந்தேன்.

எரித்துச் சில நாள் போனபிறகு சாம்பல் அவள் கைக்கு வந்தது. கணினிக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள். கடும்பச்சை நிறத்தில், மூடி போட்ட ஒரு சாடி. நான் அன்றைக்கு டப்பை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தேன். சொற்களைக் காலையிலேயே தேடிப் பொறுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகக் குத்தினேன். பெட்டை வாசித்தாள்.

“ஆஷ்.”

“சீ.”

“கிவ்.”

கையெடுத்துக் கும்பிட்டும் காட்டினேன். பெட்டையின் குரலில் கும்பிடு இல்லை, ஆனால் என் கையில் இருந்தது.

மருமகள் சாடியை மடியில் இறக்கி வைத்தாள். பிறகு போனைக் குத்தினாள்.

“நான்” என்றார் செய்தி வாசிக்கிறவர். அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். கையை விமானம் மாதிரி விரித்து, தன் பக்கமிருந்து என் பக்கத்துக்குப் பறக்கவிட்டாள்.

“வருதல்.”

புருவத்தை உயர்த்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. தானே கொண்டு வரப்போகிறாள். ஆனால் பாருங்கள், அவள் கேட்ட விதம் தப்பு. செத்தவீட்டுக்கு வரவோ என்று யாரும் கேட்பதுமில்லை, வா என்று யாரும் சொல்வதுமில்லை. செத்தவீட்டுக்கு வா என்று அழைத்தால் அது இன்னொரு சாவை அழைத்ததாகப் போகும். சொந்தக்காரர் தாங்களாக வருவார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தேன். எங்களுடைய எந்தப் பெண்ணுக்கும் அந்தப் பேசாமையின் கருத்து விளங்கும். பிறகு வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தேன்.

அடுத்த நாள் போன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

“வெளிக்கிட்டிட்டாள்” என்றேன் சின்னவனிடம். “அதுதான் எடுக்கிறாளில்லை.”

“எப்ப பிளேன் எண்டு கேட்டனியோணை?”

“செத்தவீட்டுக்கு வாறவை நேரம் சொல்லிப்போட்டே வாறவை?”

பெரியவன் படுக்கிற அறையைக் கூட்டி, நுளம்புவலையைத் தோய்த்துக் கட்டினேன். வாசல் நிலையில், அவளுடைய தலை முட்டுகிற உயரத்தில், சின்னவனைக்கொண்டு ஒரு பழைய சாக்கை மடித்து ஆணி அடித்து வைத்தேன். சின்னவன் அந்தியேட்டிக்குக் குருக்களிடம் சொல்லி, கீரிமலைக்குப் போக ஒரு வாடகை வானும் பேசிவிட்டு வந்தான். படலை கிரீச்சிட்டால் எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் பார்த்தால் மீன்காரன். இன்னொரு நாள் பக்கத்து வீட்டு ஆடு. ஆடு உள்ளே வந்து சாக்கை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

மச்சாள்தான் கேட்டாள். அடுப்படியில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தோம்.

“அவள் வரவோ எண்டு கேட்டதுக்கு நீ என்ன சொன்னனீ?”

“என்னத்தைச் சொல்லுறது? தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தன்.”

“பேந்து?”

“பேந்து என்ன, போனை வைச்சன்.”

மச்சாளின் கை நின்றது.

“மச்சாள், செத்தவீட்டு முறை அவளுக்குத் தெரியுமே?”

முருங்கைக் கொப்பு என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அந்தப் பெண் எடுத்ததும், நான் வா என்று சொல்லாததும், அவள் அழ அழ நான் முகத்துக்கு நேரே போனை வைத்ததும், ஒவ்வொன்றாக அவளுடைய பக்கத்திலிருந்து தெரியத் தொடங்கிற்று. வரவோ என்று கேட்கிறாள். மாமியார் தலையைத் திருப்புகிறாள். சாம்பலைத் தா என்று மட்டும் ஒரு மிசின் கேட்கிறது.

“அந்தப் பிள்ளை நினைச்சிருக்கும், நீ அவளைத்தான் குத்தம் சொல்லுறாய் எண்டு” என்றாள் மச்சாள். “அவள்தான் கண்டதையும் சமைச்சுப் போட்டு அவனைச் சாகடிச்சவள் எண்டு நீ நினைக்கிறாய் எண்டு.”

“உனக்கு ஏன் உவ்வளவு விளங்குது இண்டைக்கு?”

“எனக்கு மீசை இருக்கல்லோ.”

சிரிக்கிற நேரமா அது. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து மற்றதும் வந்தது.

சின்னவன் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். ரவுணிலே இங்கிலீசு படிப்பிக்கிற இடம் இருக்கிறது, அங்கேயிருந்து ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான்.

“என்ரை பிள்ளையின்ரை சாம்பலைக் கேக்கிறதுக்கு ஊரானிட்டை வாய் வாங்கச் சொல்லுறியோ? அவன் அகராதி போட்டுத் தந்தது என்னத்துக்கு?”

“எணை, நேரமில்லை. அந்தியேட்டி கிட்ட வந்திட்டுது.”

“அப்ப தள்ளி நில், வெளிச்சத்தை மறையாதை.”

துடக்கு என்று குத்தினேன். செத்தவீட்டுக்கு இருக்கிற அந்த விலக்கைச் சொன்னால், மிச்சம் விளங்கிவிடும் என்று நினைத்தேன். அகராதிக்குத் துடக்குத் தெரியவில்லை. தீட்டு என்று குத்தினேன். ஒரு நீளமான சொல் வந்தது. நம்பாமல், அந்தச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து மறுபக்கம் போட்டுச் சோதித்தேன். அழுக்கு என்று வந்தது. அழித்துவிட்டேன். வழக்கம் என்று போட்டேன், முறை என்று போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுச் சொல் வரிசையில் வந்து நின்றன. எது அவளுக்கு விளங்குகிற வழக்கம், எது கோட்டு வழக்கு என்று நான் எப்படிக் கண்டேன். பெட்டையும் பாவம், நான் அமத்திய எல்லாவற்றையும் வாசித்தாள்.

கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒரு சொல்லைக் குத்தினேன். வா.

மச்சாள் எட்டிப் பார்த்தாள்.

“அடியே, செத்தவீட்டுக்கு வா எண்டு கூப்பிடப் போறியே? உனக்கு விசரே? அது இன்னொரு பிரேதத்தைக் கூப்பிடுறதெல்லோ!”

“கூப்பிட்டால் வரட்டும். வந்தால் ஆரை எடுக்கிறது? என்னைத்தானே. எடுத்துக்கொண்டு போகட்டும்.”

“நான் பக்கத்து வளவிலை இருக்கிறனடி!”

“அப்ப நீ உன்ரை வளவுக்குப் போ.”

அவள் போகவில்லை. என் தோளோடு தோள் முட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள்.

போனில் அடித்தோம். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தோம். அன்றைக்கு முழுக்க அடித்தோம். அடுத்த நாள் அங்கே காலையாக இருக்கும் என்று கணக்குப் பார்த்து, நாங்கள் மத்தியானச் சோறு தின்ன முன்னம் அடித்தபோது மணி நீண்டு, திடீரென்று அவள் முகம் வந்தது. மெலிந்திருந்தாள். கழுத்துச் சால்வையில் ஈரம் மாதிரி தெரிந்தது. என்னைப் பார்த்தாள். நான் போனை வைக்கிறதுக்கு முன்னம் தான் வைத்துவிடவேண்டும் என்று விரலைப் பக்கத்திலேயே வைத்திருந்த மாதிரி எனக்குப் பட்டது.

“வா பிள்ளை” என்றேன் நான் தமிழில். அவளுக்கு அது தெரியும், புட்டுக்கு முன்னால் எத்தனை தரம் கேட்டிருப்பாள். பிறகும் டப்பைத் தூக்கி அமத்தினேன்.

“கம்” என்றாள் பெட்டை.

மருமகள் கண்ணை மூடினாள். நான் திரும்ப அமத்தினேன். “கம்.” நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. “கம். கம்.” பக்கத்தில் மச்சாள், தனக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதையும் சேர்த்து, “யேஸ், யேஸ்” என்று தலையாட்டினாள்.

மருமகள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் போனைக் குத்தினாள். பிழையான சொற்கள் வந்தன, அழித்தாள், திரும்பக் குத்தினாள்.

“காத்திரு” என்றார் செய்தி வாசிக்கிறவர். அவள் நெஞ்சைத் தொட்டாள். தான் காத்திருந்தாளாம்.

“அம்மா.” என்னைக் காட்டினாள். “வா. இல்லை.”

“ஓம்” என்றேன். “ஓம் பிள்ளை.”

“நேற்று.”

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் அந்த ஆள் சொல்லி முடிக்கும்வரை இருக்கவேண்டியிருந்தது.

“கடல்.”

“சாம்பல்.”

“தூவு.”

அவள் போனைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினாள். கூழாங்கல் கிடக்கிற கரை. மண் இல்லை, கல்லு. அதற்கப்பால் ஈயப் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி ஒரு கடல். பெரியவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் தூண்டில் போடுவான், முந்தி எனக்கே படம் அனுப்பியிருக்கிறான். ஒரு மீனும் பிடித்ததாகச் சரித்திரம் இல்லை.

நான் சீ என்று கேட்டேன், கிவ் என்று கேட்டேன். அவள் கடலுக்குக் கொடுத்துவிட்டாள். கேட்டபடிதான் செய்திருக்கிறாள்.

சின்னவன் பின்னால் நின்று, “எணை, எல்லாத்தையுமோ எண்டு கேள். கொஞ்சம் மிச்சம் வைச்சிருப்பாள், கேளணை” என்றான்.

எல்லாம் என்று குத்தினேன்.

“ஓல்” என்றாள் பெட்டை. கேள்வி மாதிரி வாசிக்க அவளுக்குத் தெரியாது. அதனால் நான் புருவத்தை உயர்த்திக் காட்டினேன்.

மருமகள் எழும்பிப் போனாள். பச்சைச் சாடியைக் கொண்டுவந்து மூடியைக் கழற்றி, வாயை எங்கள் பக்கம் சரித்துக் காட்டினாள். கழுவியிருந்தாள். உள்ளே பளபளவென்று இருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் துப்புரவு.

“கழுவினவளே?” என்றான் சின்னவன். வெளியே போய்விட்டான். கிணற்றடியில் துலா ஆடுகிற சத்தம் கேட்டது, தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்கவில்லை.

நான் திரும்பவும் கம் என்பதை அமத்தினேன். சாம்பல் இல்லாவிட்டாலும் அவள் இருக்கிறாள், நுளம்புவலை தோய்த்துக் கட்டியிருக்கிறது. அவள் தலையை ஆட்டினாள். மெதுவாக, இல்லை என்று.

“கை” என்றார் செய்தி வாசிக்கிறவர். “வெறுமை.”

இரண்டு கையையும் விரித்து எனக்குக் காட்டினாள்.

பரவாயில்லை என்று சொல்லலாம் என்று அந்தச் சொல்லைக் குத்தினேன். இங்கிலீசும் வந்தது. குழாய்ப் படத்துக்கு மேலே விரலைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். பரவாயில்லை என்பது பொய். இத்தனை நாளும் எனக்காக உண்மை மட்டும் வாசித்த பெட்டையைக்கொண்டு அதைச் சொல்விக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடியில் மருமகளுடைய முகம் இருந்த இடத்தைத் தடவினேன். அது ஏதோ பொத்தானை அமத்தி, படம் சுழன்று, என் வீட்டு முகடு தெரிந்தது. நான் சரிப்பண்ணுவதற்குள் அழைப்பு அறுந்துவிட்டது.

சாம்பல் இல்லாதவருக்குத் தர்ப்பைப் புல்லில் ஆளுருவம் முடிந்து கரைக்கலாம் என்று குருக்கள் சொன்னார். அந்தியேட்டி அன்று வாடகை வானில் போனோம். காங்கேசன்துறைப் பக்கம் திரும்புகிற இடத்தில் மூடிக்கிடக்கிற சீமெந்து ஆலையைக் கண்டதும் மச்சாள், “அந்தா பார், அப்பிடியே நிக்குது” என்றாள். ஒவ்வொரு தரமும் சொல்வாள்.

கீரிமலையில் காற்று. குருக்கள் கரையில் பாய் போட்டு, புல்லை முடிந்து, தலை, கை, கால் என்று பிரித்து வைத்தார். என் பிள்ளை ஆறடி. இது ஒரு அகப்பை நீளம். மந்திரம் சொல்லிச் சின்னவன் கையில் கொடுத்தார். என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே ஆறுதல் சொன்னார்.

“எல்லாம் ஒரே கடல்தானே, அம்மா. அங்கை விட்டாலென்ன, இங்கை விட்டாலென்ன.”

“அப்பிடியெண்டால் வல்வெட்டித்துறையிலை வள்ளத்தைத் தள்ளிவிட்டுப்போட்டு, அங்கை கல்லுக் கரையிலை போய் எடுக்கலாமோ ஐயா?” என்றேன்.

மச்சாள் என் இடுப்பில் இடித்தாள். குருக்கள் மந்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார்.

சின்னவன் கடலுக்குள் இறங்கி, திரும்பிப் பாராமல், தோளுக்கு மேலால் புல்லை எறிந்தான். அலை அதைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போட்டது. எடுத்து இன்னும் தள்ளி எறிந்தான். திரும்பவும் கொண்டுவந்து போட்டது, என் காலுக்குக் கிட்ட. ஒரு கை அவிழ்ந்துபோயிருந்தது. நான் குனியப் போனேன், மச்சாள் விடவில்லை. சின்னவன் வந்து அதைப் பொறுக்கி, அவிழ்ந்த கையை முடிந்தான். வேட்டியை மடித்துக்கூடக் கட்டாமல் இடுப்பளவுக்கு நடந்துபோனான். புல்லுக்குள் தண்ணீர் ஏறி அது கனத்துப் போகும்வரைக்கும், இரண்டு கையாலும் கடலுக்குள் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.